மாரியும் மலையருவியும்

மார்கழி மாதத்தில் கிட்டங்கித் தாம்போதியின் மேலாக வெள்ளம் பாயுங்கால் கல்முனைக்கும் நாவிதன்வெளிப் பகுதிக்கும் இடையே போக்குவரவு தடைப்படுதல் கீழ்க்கரை மக்கள் நன்கறிந்த காட்சியாகும். சொறிக்கல்முனையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழ்வோர் அக்காலத்து மழையை வயலின் நோக்கிலும் வழியின் நோக்கிலுமே அளப்பர். இளம்பயிர் நீரில் மூழ்குமோ, தோணி ஓடுமோ, பாடசாலை நடைபெறுமோ என்பனவே அவர்தம் வினாக்கள். அதே வாடைக்காற்று, அதே நாள்களில், மேற்கே எண்பது தொண்ணூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஊவா மலைகளில் மோதுகின்றது. ஆண்டின் பெரும்பகுதி வெறும் பாறையாய்க் கிடந்த இடங்களில் வெள்ளிய அருவிகளைத் தொங்கவிடுகின்றது. இதனைச் சிந்திப்போர் சிலர். சென்று காண்போர் மிகச் சிலர்.

கீழ்மாகாணத்துப் பாடசாலைகள் மலைநாட்டுக்குச் சுற்றுலாச் செல்வது பெரும்பாலும் ஆகஸ்டு விடுமுறையிலேயாம். அதற்குத் தக்க காரணமும் உண்டு. மாரிக்காலத்தில் வழி கெடும். மாசி பங்குனியில் வேளாண்மை வெட்டு நடைபெறும். உழவர் வீட்டுப் பிள்ளைகள் அப்பொழுது களத்துமேட்டில் வேண்டப்படுவர். ஆதலின் வயல்வேலை ஓய்ந்து, வானம் வெளுத்து, கச்சான்காற்று வீசும் ஆடி ஆவணியே பயணத்துக்கு உகந்ததெனக் கொள்ளப்பட்டது. பயணத்துக்கு அஃது உகந்ததே, அருவிக்கு உகந்ததன்று. அக்காலத்தில் துன்ஹிந்தையைக் காணச் செல்லும் மாணவர், நாட்காட்டிப் படத்திற் கண்ட பேரருவியைத் தேடி நின்று, பாறையின்மேல் மெலிந்திறங்கும் நீரைப் பார்த்து மீள்வர். அருவி பொய்த்ததன்று; காலந்தான் பிழைத்தது.

இவ்வாறு காலம் பிழைப்பதற்குத் தமிழ்ப் பாடநூல்களும் ஒருவகையிற் காரணமோ என எண்ண இடமுண்டு. அருவி என்றவுடன் தமிழ் கற்றோர் நெஞ்சில் எழுவது குற்றாலம். திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியைப் பயின்ற எவர்க்கும் ஆனி ஆடிச் சாரலே அருவிக்காலம் எனத் தோன்றுதல் இயல்பு. குற்றாலம் மேற்குத்தொடர்ச்சி மலையின் கீழ்ப்புறத்தே இருந்தும் தென்மேற்குப் பருவத்தில் நீர் பெறுவது, செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடரில் உள்ள கணவாய்வழி ஈரக்காற்று நுழைந்து வருவதனாலேயாம். அவ்விடத்துக்கே உரிய அந்த நிலைமையை ஈழத்துக் கீழ்மலைகளுக்கும் பொருத்துதல் கூடாது. இவற்றுக்குப் பொருத்தமானது தொல்காப்பியம் கூறும் கணக்கு. குறிஞ்சித்திணைக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது என்பது அந்நூலின் கோட்பாடு. கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். முன்பனி என்பது மார்கழியும் தையும். இவ்விரு பொழுதையும் இன்றைய வானிலையியற் கணக்கோடு வைத்து நோக்கின், ஒக்டோபர் நடுவிலிருந்து பெப்ரவரி நடுவரை ஆகின்றது. ஊவா மலைகளும் தும்பறை மலைகளின் கீழ்ச்சரிவும் நீர் நிரம்பிக் காணப்படும் காலம் இதுவே.

இலங்கையின் மழை நான்கு பகுதியாகப் பகுத்துரைக்கப்படும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று. இவற்றுக்கிடையே மார்ச்சு ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் இரு இடைப்பருவங்கள். தென்மேற்குக் காற்று கடலிலிருந்து கொணரும் ஈரத்தை மத்திய மலைகளின் மேற்குச் சரிவிலேயே சொரிந்துவிடுகின்றது. மலையைக் கடந்து கீழிறங்கும் அக்காற்று இறங்க இறங்க வெப்பமடைந்து உலர்கின்றது. கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் வெளிகளில் ஆனி ஆடியில் உடலைச் சுடும் கச்சான் இதுவே. ஆகவே மேற்கே இலட்சபானையும் டெவனும் சென்கிளயரும் ஆர்ப்பரிக்கும் மாதங்களில், மலையின் மறுபுறத்தே பதுளையும் வெல்லவாயவும் வறண்டிருக்கும். வடகிழக்குப் பருவத்தில் இந்நிலை தலைகீழாகும். வங்கக்கடலின் மேலாக வரும் வாடை முதலிற் கீழ்க்கரைச் சமவெளியை நனைத்து, பின்னர் மலைச்சரிவில் மேலெழும்பிக் குளிர்ந்து, அங்கே மிகுந்த மழையைப் பெய்கின்றது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் நீண்டகாலச் சராசரிப்படி, இப்பருவத்தில் நாட்டிலேயே மிகுதியான மழை பெறுவது நக்கிள்ஸ் எனப்படும் தும்பறை மலைகளின் கீழ்ச்சரிவிலுள்ள கோபொனெல்லத் தோட்டம். அளவு 1,281 மில்லிமீற்றர். அதே மூன்று மாதத்தில் மேற்குக் கரையிலுள்ள புத்தளம் பெறுவதோ 177 மில்லிமீற்றர். ஒரே காற்று, ஒரே பருவம். மலையின் எப்புறம் நிற்கின்றோம் என்பதே வேற்றுமை. அருவி தேடுவோன் முதற்கண் அறியவேண்டியது வழியன்று, திசையே.

இனி, மழை பெய்த மலையெல்லாம் அருவி தருமோ எனின், தராது. நீர் விழுதற்கு நிலம் முறிந்திருத்தல் வேண்டும். இலங்கையின் நிலவுருவம் மூன்று படிகளைக் கொண்ட மாடம் போன்றது. கடலோரத் தாழ்நிலம் ஒரு படி. ஏறத்தாழ ஐந்நூறு மீற்றர் உயரத்தில் இரண்டாவது படி. ஆயிரத்தைந்நூறு மீற்றருக்கு மேல் நுவரெலியா, ஹோட்டன் சமவெளி முதலியன அமைந்த மூன்றாவது படி. இவ்வமைப்பை 1929இல் விளக்கிய அடம்ஸ் என்னும் புவிச்சரிதவியலாளர், நீண்டகால அரிப்பினால் படிப்படியாக உண்டானவை இவை எனக் கருதினார். 1940களில் இலங்கை அரசாங்கக் கனிப்பொருளியலாளராகக் கடமையாற்றிய வாடியா என்னும் இந்திய அறிஞர், நிலப்பாளங்கள் உடைந்து மேலுயர்ந்தமையே காரணம் என வாதித்தார். பிற்கால ஆய்வாளர் இரு கொள்கைகளையும் முற்றாக ஏற்றிலர். பாறைகளின் மடிப்பும் வெடிப்பும் கடினவேறுபாடும் நிலவுருவில் ஆற்றிய பங்கை அவர் வற்புறுத்தினர். காரணம் எதுவாயினும், படியின் விளிம்பு விளிம்பே. மேற்படியில் மெல்ல வளைந்து வரும் ஓடை அவ்விளிம்பை அடைந்ததும் வேறு வழியின்றிப் பாய்கின்றது. நாட்டின் பேரருவிகள் பரவலாகச் சிதறிக் கிடவாமல் சில வரிசைகளில் திரண்டு நிற்பதன் பொருள் இதுவாம்.

தெற்குச் சரிவில் இது மிகத் தெளிவாகப் புலப்படும். ஹோட்டன் சமவெளியின் ஓரத்தில் 'உலகமுடிவு' எனப்படும் குத்துப்பாறை ஏறத்தாழ 880 மீற்றர் ஆழத்துக்கு இறங்குகின்றது. இவ்விளிம்பு கிழக்கு நோக்கி அல்துமுல்லை, அப்புத்தளை, கொஸ்லந்தை என நீள, அதன் வழியே நாட்டின் உயர்ந்த அருவிகள் இரண்டும் அமைந்துள்ளன. கலுபகனைக்கு அருகில் வளவை ஆற்றின் கிளையான குடா ஓயாவில் வீழும் பம்பரகந்தை 263 மீற்றர் உயரமானது. இலங்கையில் இதனின் உயர்ந்தது வேறில்லை. பெரகலை வெல்லவாயப் பாதையில், கொஸ்லந்தையை அடுத்து, கிரிந்தி ஓயாவின் கிளையான புனாகலை ஓயாவில் வீழ்வது 220 மீற்றர் உயரமுள்ள தியலுமை. முன்னது காட்டுவழி நடந்து காணத்தக்கது. பின்னது பேருந்திலிருந்தே காணத்தக்கது. ஆயினும் தியலுமையைப் பாதையிலிருந்து மட்டும் பார்த்தவர் பாதி பார்த்தவரே. மலைமேல் ஏறிச் செல்வார்க்கு, விளிம்பை அடையுமுன் நீர் பல மடுக்களில் தங்கித் தங்கி வருவது காட்சிப்படும்.

புதிய அருவிகளைத் தாமே தேடிக் காண விரும்புவோர்க்கு நிலப்படத்தினும் சிறந்த துணையில்லை. நிலவளவைத் திணைக்களம் ஒரு மைலை ஓரங்குலமாக்கி வெளியிட்ட பழைய படங்களும், பின்னர் 1:50,000 அளவில் வெளியிட்ட படங்களும் சமவுயரக் கோடுகளைக் கொண்டவை. ஒரு நீரோடையைக் குறிக்கும் நீலக்கோட்டைக் கீழிருந்து மேலாகத் தொடர்ந்து செல்க. சமவுயரக் கோடுகள் அதனை அகன்ற இடைவெளி விட்டுக் குறுக்கிடுமாயின் நீர் மெல்ல ஓடுகின்றது. ஓரிடத்தில் அக்கோடுகள் ஒன்றையொன்று தொடுமாறு நெருங்கி, அதன்மேல் மீண்டும் அகலுமாயின், அவ்விடத்தே நீர் விழுந்தே ஆகவேண்டும். படத்தில் அருவி எனக் குறிக்கப்பட்டிருப்பினும் இல்லாவிடினும் ஒன்றே. இதனை வகுப்பறையில் ஒரு மணிநேரத்திற் கற்பித்துவிடலாம். புவியியற் பாடத்தில் சமவுயரக் கோட்டை வெறும் வரைதற் பயிற்சியாக்கி மாணவரைச் சலிப்படையச் செய்வதைவிட, "இப்படத்தில் அருவி எங்கே?" என வினாவுதல் நன்று.

இடப்பெயரும் ஒரு வழிகாட்டி. சிங்களத்தில் 'எல்ல' என்பது அருவி. 'எல' என்பது வாய்க்கால். தமிழில் எழுதுங்கால் ஒரு மெய்யெழுத்து விடுபட்டால் அருவி வாய்க்காலாகிவிடும். பெயர்ப்பலகைகளில் இப்பிழை அரிதன்று. 'ஓயா' சிற்றாறு, 'தொல' அதனினும் சிறிய ஓடை, 'கந்த' மலை. பம்பரகந்தையின் முற்பகுதியாகிய 'பம்பர' மலைத்தேனீயைக் குறிக்கும். அப்பெயர் வாளா இடப்பட்டதன்று. உயர்ந்த பாறைமுகங்களில் அத்தேனீக்கள் கூடுகட்டுதல் வழக்கம். ஆதலின் அருவிப்பாறையின் கீழ் நெருப்பு மூட்டுதலும் கூச்சலிடுதலும் தீங்கு விளைக்கும். துன்ஹிந்தையின் பெயர் புகையென எழும் நீர்த்திவலையால் வந்தது. தமிழில் அருவி என்பதே பழஞ்சொல்; நீர்வீழ்ச்சி என்பது பிற்காலத்து ஆக்கம். ஈழத்துப் பாடநூல்களும் பலகைகளும் பின்னதையே பற்றிக்கொண்டுள்ளமை வருந்தத்தக்கதே.

அடுத்து, மழைக்கும் அருவிக்கும் இடையிலுள்ள காலவிடை பற்றிக் கூறவேண்டும். இவ்விடத்திற் பிறநாட்டு எடுத்துக்காட்டு ஒன்று பயன்படும். கலிபோர்னியாவின் யொசெமிட்டி அருவி 739 மீற்றர் உயரமுடையது. அங்கே மாரிக்காலத்து ஈரம் சியரா நெவாடா மலைகளில் பனிக்கட்டியாக உறைந்து தங்கும். வேனில் பிறந்ததும் அது உருகி, மே யூன் மாதங்களில் அருவி உச்சம் பெறும். ஆகஸ்டு முடிவில் பல ஆண்டுகளில் வற்றியே போகும். அங்குள்ளோர் நல்ல மழைக்காலத்துக்குப் பின் மலைப்பாதைகளில் அருவி தேடிச் செல்வது அவ்வுருகுநீரை நம்பியே. இலங்கையில் உறைபனித் திரள் இல்லை. நீரைச் சேமித்து வைக்கும் களஞ்சியம் இங்கே மண்ணே. பளிங்குருப் பாறையின்மேல் உக்கிய மண்போர்வையும், காட்டின் சருகுப்படுக்கையும், பத்தனைப் புல்வெளியின் சதுப்பும் மழைநீரை உறிஞ்சி, வாரக்கணக்கிற் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகின்றன. ஆகவே மலையருவியில் விழுவது இருவகை நீர். மழை பெய்தவுடன் நிலத்தின் மேலாக விரைந்து வரும் வெள்ளநீர் ஒன்று. மண்ணினுட் புகுந்து ஊறி வரும் ஊற்றுநீர் மற்றொன்று. முன்னது கலங்கியது, சில மணிநேரமே நிற்பது, அஞ்சத்தக்கது. பின்னது தெளிந்தது, நின்று நிலவுவது, காணத்தக்கது.

இப்பாகுபாட்டை மனத்திற் கொண்டால் செல்லத்தக்க நாளும் தானே தோன்றும். கார்த்திகை மார்கழியில் அருவிகள் பெருகி நிற்பினும், முகில் மலையை மூடும், பாதை வழுக்கும், வெள்ளம் எதிர்பாராது வரும். தை பிறந்தபின் மழை இடைவிட்டுப் பெய்யும், மண்ணோ நிறைந்திருக்கும். தைப்பூசத்துக்கும் சிவராத்திரிக்கும் இடைப்பட்ட நாள்களில், நல்ல மாரி பெய்த ஆண்டாயின், ஊற்றுநீர் குறைவின்றி விழ, வானமும் வெளுத்திருக்கும். வேளாண்மை வெட்டு மும்முரமாகுமுன் ஒரு வாரவிறுதியை இதற்கென ஒதுக்குதல் பாடசாலைகளால் இயலாத காரியமன்று.

காடு இருந்த மலைக்கும் அழிந்த மலைக்கும் இவ்விடயத்தில் பெரும் வேற்றுமை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும், 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழியத் தொடங்கியபின் தேயிலைக்காகவும் மலைக்காடு பெரும்பரப்பில் வெட்டப்பட்டது. தேயிலைச் சரிவிலிருந்து நீர் விரைந்து வடியும். மழையன்று பேரருவியாகவும் பத்து நாளில் வெறும்பாறையாகவும் மாறும் அருவிகளின் மேற்புறத்தை நோக்கினால், அங்கே பெரும்பாலும் காடு இராது. மாறாக, தும்பறை மலைகளில் காடு பாதுகாக்கப்பட்டுள்ளது; 2010இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு அமைப்பு அதனை மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைத் தலத்தின் ஒரு பகுதியாக ஏற்றது. ஹசலக்கைக்கு அண்மையில் நூறு மீற்றருக்கு மேலான உயரத்திலிருந்து வீழும் இரத்தின எல்ல இம்மலைகளின் கீழ்ப்புறத்தது. மகியங்கனை வழியாகச் செல்லும் கீழ்க்கரையார்க்கு எட்டாத் தொலைவன்று.

கல்முனைப் பகுதியிலிருந்து செல்வோர்க்கு இரு வழிகள் உள. அம்பாறையிலிருந்து சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய எனச் சென்றால் தியலுமையும், எல்ல நகரை நோக்கி ஏறும் பாதையோரத்தில் இராவணன் அருவியும் கிட்டும். மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை எனச் சென்றால் பதுளையை அடைந்து துன்ஹிந்தையைக் காணலாம். துன்ஹிந்தை 64 மீற்றர் உயரமே உடையது. உயர வரிசையில் மிகப் பின்னே நிற்பது. ஆயினும் பதுளை ஓயா ஓரளவு பெரிய நீரேந்து பரப்பைக் கொண்டதாதலின், உயர்ந்த பல அருவிகள் நூலாய் இளைத்த பின்பும் இது ஒலி குறையாது விழும். உயரத்தைக் கொண்டு அருவியை மதிப்பிடுதல் பொதுவழக்கு. நீர்ப்பெருக்கைக் கொண்டு மதிப்பிடுதலே அறிவுடைமை. பாதையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேலாக நடந்தே இதனை அடைதல் வேண்டும். அருவி கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குத் தெரியும். காற்றடங்கிய காலைப்பொழுதில் அவ்வொலி இன்னும் தொலைவிற் கேட்கும். இராவணன் அருவி ஏறத்தாழ 25 மீற்றரே. சீதையோடும் இலங்கை வேந்தனோடும் தொடர்புபடுத்தும் செவிவழிக் கதைகளும், அருகிலுள்ள குகையும் அதற்குப் பெருமை தந்தன. அதன் அடியிலுள்ள மடுக்களிற் குளித்து உயிரிழந்தோர் பலர்.

இவ்விறப்புக்களைப் பற்றி விதி என்று கூறி அமைதல் தகாது. காரணம் அறியத்தக்கதாகவே உளது. மலையோடையின் நீரேந்து பரப்பு சிறிது, சரிவு மிகுதி. மேலே முகட்டில் ஒரு மணிநேரம் பெய்த பெருமழை, கீழே வெயிலடிக்கும் மடுவில் நிற்போரை அடுத்த மணிநேரத்துள் வந்தடையும். அடியில் நிற்போர் தம் தலைக்கு மேலுள்ள வானத்தையே பார்ப்பர்; பார்க்கவேண்டியது முகட்டின் மேலுள்ள வானம். வெள்ளம் வருமுன் சில குறிகள் தோன்றும். தெளிந்த நீர் சிறிது கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். அருவியின் ஒலி தடித்து மாறும். இடைவிட்டு நின்ற கற்கள் நீருள் மறையும். இவற்றுள் ஒன்று தோன்றினும் உடைமைகளை எடுக்க நில்லாது கரையேறி உயர்ந்த இடம் சேர்தல் வேண்டும். ஓடையைக் கடந்து மறுகரை சென்றவர் வெள்ளம் வடியும்வரை மறுகரையிலேயே இருத்தல் நலம். பாறையின் பாசி உலர்ந்ததுபோலத் தோன்றும். காலை வைத்தால் வழுக்கும். கடலில் நீந்திப் பழகிய கீழ்க்கரை இளைஞர் தம் ஆற்றலை நம்பி மடுவில் குதிப்பதுண்டு. கடலில் உடலைத் தாங்கும் உப்புநீர் வேறு. விழும் நீரின் அடியில் காற்றுக் குமிழ் நிறைந்து, தாங்குந்திறன் குறைந்து, சுழித்துக் கீழிழுக்கும் நீர் வேறு. அட்டைக்கடியைப் பற்றி மட்டும் அஞ்சி ஆலோசனை கேட்போர், அச்சத்தை இடமாற்றிக் கொள்ளுதல் நன்று.

இதனினும் பெரிது மண்சரிவு. அருவியை ஊட்டும் ஊற்றுநீரே, அளவு மிஞ்சியவிடத்து, மண்போர்வையைப் பாறையிலிருந்து பிரித்துக் கீழே தள்ளுகின்றது. தியலுமைக்கு அண்மையில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் மலை சரிந்து தொழிலாளர் லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும், அவர்கள் குடியேறத்தக்க மாற்றிடம் உரிய காலத்தில் அமையவில்லை. 2025 நவம்பர் இறுதியில் தாக்கிய 'டித்வா' புயலின்போது பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை ஆகிய மாவட்டங்களில் நூற்றுக்கணக்கானோர் மண்சரிவிலும் வெள்ளத்திலும் மாண்டனர். ஆதலின் அருவி காணச் செல்வோர், தாம் ஒருநாள் வந்து வியக்கும் மலையின் அடியில் ஆண்டு முழுவதும் உறங்குவோர் இருக்கின்றனர் என்பதை மறத்தலாகாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இருபத்துநான்கு மணிநேர மழையைக் கொண்டு எச்சரிக்கை விடுக்கின்றது. 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு. 100 ஆனால் ஆயத்தம். 150 ஆனால் வெளியேற்றம். அவ்வெச்சரிக்கை நடைமுறையிலுள்ள நாளில் ஒரு மாவட்டத்துக்குப் பேருந்து நிறைய மாணவரைக் கொண்டுசெல்லுதல், அங்குள்ளோர் தம் பிள்ளைகளை மீட்கும் வழியை அடைப்பதாகும்.

அருவிகள் மனிதன் செயலால் மறைவதும் உண்டு. மேற்புறத்தில் 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாற்று மேல்கொத்மலைத் திட்டத்தால் சென்கிளயர் அருவியின் இயல்பான ஓட்டம் மாறியது. பகற்போதில் குறித்த அளவு நீர் அதற்கென விடப்படும் ஏற்பாடு செய்யப்பட்டது. மின்னொளி வேண்டாம் என எவரும் கூறார். ஆயினும் வாய்க்கதவைத் திறந்து காட்டும் அருவியை மாரியின் அளவுகோலாகக் கொள்ளுதல் இயலாது. கீழ்ப்புறத்தில் உமா ஓயாவின் நீரைச் சுரங்கவழியாகக் கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்பும் திட்டம் 2024இல் தொடக்கிவைக்கப்பட்டது. அச்சுரங்கம் அகழப்பட்ட ஆண்டுகளில் பாறைவெடிப்புவழியே நீர் பெருகி உட்புகுந்ததால் பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகளும் ஊற்றுக்களும் வற்றின, வீடுகள் வெடித்தன. மண்ணுள் நீர் இருப்பதும் அது நடப்பதும் கண்ணுக்குத் தெரியாமையால், அதனைக் கணக்கில் கொள்ளாது விடுதல் எத்துணை எளிது என்பதற்கு இது சான்று.

இனிச் சொறிக்கல்முனை வயலுக்கு மீளலாம். மேலே கூறிய அருவிகளுள் ஒன்றேனும் இவ்வயலுக்கு ஒரு துளி நீர் தருவதில்லை என்பது பலர்க்கு வியப்பளிக்கும். தியலுமையும் இராவணன் அருவியும் கிரிந்தி ஓயாவிற் சேர்ந்து தென்கடலை அடைகின்றன. பம்பரகந்தையின் நீர் வளவையாற்றில் கலந்து அம்பலாந்தோட்டைப் பக்கம் செல்கின்றது. துன்ஹிந்தையின் நீர் மகாவலிவழியே நெடுந்தொலைவு சுற்றிக் கொட்டியாரக் குடாவில் விழுகின்றது. இப்பகுதித் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே நம்பிப் பயிரிடும் நீர் கல்லோயாவினது. தமிழர் பட்டிப்பளையாறு என வழங்கியது. பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளிற் பிறந்து, 1949இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தால் இங்கினியாகலையில் தடுக்கப்பட்டு, சேனாநாயக்க சமுத்திரமாகத் தேங்கிய பின்னரே அது வாய்க்கால்களுக்கு வருகின்றது. 770,000 ஏக்கரடி நீர் கொள்ளும் அத்தேக்கம் இலங்கையின் பெருங்குளங்களுள் தலையாயது.

இவ்வாற்றின் மேற்கிளைகளில் பெயர்பெற்ற அருவி இல்லை. உலாக்கைநூல்கள் அப்பக்கத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆயினும் நிலப்படத்தை விரித்து, மேற்கூறிய முறையால் நீலக்கோடுகளைத் தொடர்ந்து செல்வார்க்கு, சமவுயரக் கோடுகள் நெருங்கும் இடங்கள் அங்கும் பல தென்படும். பத்து அடியும் இருபது அடியுமாகக் காட்டுக்குள் விழும் அவ்வருவிகள் மார்கழியில் தோன்றிப் பங்குனியில் மறைவன. ஊரார்க்கு மட்டும் தெரிந்தவை. யானை நடமாடும் காடாதலாலும், ஒரு பகுதி 1954இல் அமைந்த கல்லோயா தேசிய பூங்காவுள் அடங்குவதாலும், வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் வழியறிந்த ஊரார் ஒருவரின் துணையும் இன்றி அங்கே செல்லலாகாது. 1957 டிசெம்பரில் கீழ்மாகாணத்தை மூழ்கடித்த பெருவெள்ளத்தின் ஒரு கூறு இம்மலைகளின்வழியே இறங்கியது. எவ்வருவி எந்நாளில் பெருகுகின்றது, எத்தனை நாளில் இளைக்கின்றது, அப்பொழுது இங்கினியாகலையில் நீர்மட்டம் எவ்வளவு என்பதை ஒரு கல்லூரியின் புவியியற் கழகம் ஐந்தாறு மாரிக்குத் தொடர்ந்து குறித்து வைத்தால், கிட்டங்கித் தாம்போதி எந்நாளில் மூழ்கும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லுதல் கூடும். அதற்கு வேண்டுவன ஒரு மழைமானி, ஒரு நிலப்படம், ஒரு குறிப்பேடு ஆகியனவே.